வீட்டுப் பள்ளியும் வீட்டு அமளியும்: டெல்டாக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது எந்தப் புத்தகம் வாங்குவது என்றுதான். புத்தகத்தில் சிரமமே இல்லை. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் 1-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை, தமிழ் வழியும் ஆங்கில வழியும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிரமம் வருவது காலை எட்டு மணிக்கு. அடுப்பில் பால், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், வயலுக்கு உரம் போட வந்தவர் மூட்டை எங்கே என்று வாசலில் நிற்கிறார், இடுப்பில் கைக்குழந்தை, அந்த நேரம் பார்த்துப் பெரியவள் வகுத்தல் கணக்கில் மீதி இவ்வளவுதானா என்று நோட்டை நீட்டுகிறாள். நான் பார்த்தவரை, வீட்டுக்கல்வியை நடுவில் விட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த எட்டு மணியைத் தாங்க முடியாமல்தான் விட்டார்கள், பாடம் புரியாமல் போனதால் விட்டவர்கள் குறைவு.

அதனால் இதில் பாடத்திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும், வீட்டைப் பற்றி நிறைய இருக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், மூன்று பிள்ளைகளும் மாமியாரும் விவசாயமும் உள்ள வீட்டிலிருந்து எழுதுகிறேன். நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: காகிதங்கள்

பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், எமிஸ் எண்ணையும், அதாவது பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணையும், குறித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும், அந்தக் கோப்பு பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை அது தனியாக அங்கீகரிக்கவும் இல்லை. அதனால் யாராவது விசாரிக்க வந்தால் உட்கார வைத்து மோர் கொடுத்து நோட்டுகளை எடுத்துக் காட்டுங்கள், பதற ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நாளைக்கே மனம் மாறிவிட்டால், அதே சட்டத்தின்படி வயதுக்கு ஏற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

அடுத்தது: நாளை எழுதுங்கள், கால அட்டவணையை அப்புறம் போடலாம்

ஒரு வாரம் பாடமே நடத்தாமல் உங்கள் வீட்டு நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். பால் கறப்பது அல்லது வாங்குவது எத்தனை மணிக்கு, குழாய்த் தண்ணீர் எப்போது, சின்னது எப்போது தூங்குகிறது, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்த நாளில் கரண்டை நிறுத்துகிறது, மாமியார் எப்போது சீரியல் பார்க்கிறார். இவற்றை அசைக்க முடியாது. இவற்றுக்கு நடுவே மிஞ்சுகிற அமைதியான இடைவெளிகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும், பாடம் அங்கேதான் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் அது காலை ஆறு முதல் ஏழேகால் வரையும், மதியம் சின்னவன் தூங்குகிற நேரமும். ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து எழுதுகிற வேலை ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போதும், நாற்பது பேரை வைத்துக்கொண்டு நடத்துகிற வகுப்பின் மணிக்கணக்கை வீட்டில் கொண்டுவந்து வைக்கத் தேவையே இல்லை. கணக்கும் புது இலக்கணமும் காலையில், வாசிப்பும் வரைவதும் மதியத்தில். எட்டிலிருந்து பத்து வரை பாடம் என்ற பேச்சே வேண்டாம். அந்த நேரத்தில் பெரியவள் காய் நறுக்குவாள், நடுவில் உள்ளவன் தண்ணீர்க் குடங்களை எண்ணி நிரப்புவான், நோட்டு நீட்டினால் "பத்து மணிக்கு" என்று ஒரே பதில்.

ஆண்டுக்கும் இதே மாதிரி ஒரு திட்டம் வேண்டும். பள்ளிகளின் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, நம் வீடுகளின் ஆண்டு தண்ணீரோடு தொடங்குகிறது. மேட்டூரில் தண்ணீர் இருக்கிற வருஷங்களில் ஜூன் 12-இல் திறக்கிறார்கள், மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடுகிறது, குறுவை வேலை ஆரம்பம். நடவு வாரத்திலும் அறுப்பு வாரத்திலும் மேசைப் பாடத்தை முழுக்க நிறுத்திவிடுங்கள். தை மாதத்துச் சம்பா அறுப்பின்போது வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது, அப்போது பின்னம் நடத்தினால் அழுகைதான் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்கள் நிறையக் கிடைக்கும், கடினமான பாடங்களை அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

படிக்கிற இடம்

தனி அறை வேண்டாம். திண்ணையும் வேண்டாம், தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று "என்னடா படிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அடுப்படியிலிருந்து நீங்கள் குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில், ஆனால் அடுப்பு கண்ணில் படாத கூடத்து மூலை நல்லது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாய்வுப் பலகையில் எழுதட்டும், மேசை வாங்கச் செலவு செய்யாதீர்கள்.

புத்தகங்களுக்கு ஒரு தகர டிரங்குப் பெட்டி கட்டாயம். மர அலமாரியில் வைத்தால் கரையான், அட்டைப் பெட்டியில் வைத்தால் எலி, சுவரோரம் வைத்தால் மழையில் ஓதம். பெட்டிக்குள் அந்துருண்டை போடாதீர்கள், சின்னப் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டால் விஷம். துணியில் முடிந்த வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும், அந்த முடிச்சும் பெட்டிக்குள்ளேயே பூட்டி இருக்கட்டும். ஓலைச்சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க வசம்பு வைப்பது பழைய வழக்கம். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது இதைச் சொல்லுங்கள், சுவடிகளை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பாடத்தை வீட்டிலிருந்தே எடுப்பது

இதில்தான் டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு யோகம். பின்னத்துக்கு வெட்டிய ஆப்பிள் படம் எதற்கு, படியும் உரியும் உழக்கும் ஆழாக்கும் வீட்டிலேயே இருக்கும், இல்லாவிட்டால் பித்தளைக் கடையில் கிடைக்கும். ஒரு படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. அரிசியை அளந்து கொட்டிப் பார்த்த பிள்ளைக்கு எட்டில் ஒன்று என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் அப்பாயி, அதாவது என் மாமியார்தான் நடத்துகிறார், குறுணி, பதக்கு, தூணி, கலம் வரைக்கும் கொண்டுபோய்விடுவார். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு எத்தனை குறுணி என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பரப்பளவுக்கு வயலுக்குப் போங்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்றால் அதில் எத்தனை மா அடங்கும்? மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஊரில் ஏன் மூணு மா ஒரு ஏக்கர் என்கிறார்கள் என்று அப்போது அதுவாகவே புரியும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளாக எடை போடும்போதும், 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருக்கிறதா என்று கருவியில் பார்க்கும்போதும் பக்கத்தில் நிற்க வையுங்கள், சதவீதக் கணக்கு அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்து தினமும் வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முழுக் கொள்ளளவு 120 அடி, அந்தக் கோட்டை முதலிலேயே சிவப்பில் போட்டுவிடட்டும். ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர், விநாடிக்கு 10,000 கனஅடி திறந்தால் எத்தனை லிட்டர் என்று பெருக்கட்டும். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதை நேரில் காட்டிவிட்டால் புவியியலில் ஒரு பெரிய பகுதி முடிந்தது. சுவாமிமலையில் மெழுகில் செய்து உலோகம் வார்க்கும் சிற்பக்கூடம், நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை, கோடியக்கரையில் வெளிமான் என்று ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் இவ்வளவு இருக்கும்போது பிள்ளையைப் பூட்டி வைத்து வினா விடை எழுத வைக்காதீர்கள்.

அமளி நடக்கும்போது

நடக்கும். நோட்டில் மோர் கொட்டும், அடுப்பில் ஒன்று தீயும், சின்னது அக்காவின் வீட்டுப்பாடத்தைத் தின்னும். எது நடந்தாலும் பார்க்க வேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் பிள்ளை, அடுத்து அடுப்பும் கரண்டும், கடைசியில் பொருள். லேப்டாப்பில் காபி கொட்டினால் நம் கை லேப்டாப்பை நோக்கித்தான் போகும், ஆனால் சூடான காபி பிள்ளையின் தொடையில் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கத்தக் கூடாது. இதை அறிவுரைக்காகச் சொல்லவில்லை, ஆபத்து இருப்பதால் சொல்கிறேன். அடி விழும் என்று பயப்படுகிற பிள்ளை ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டாலும் சொல்லாது. அது விழுங்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் உணவுக்குழாய் வெந்துவிடலாம். பிள்ளை வந்து "அம்மா, தெரியாம இப்படி ஆயிடுச்சு" என்று சொல்கிற வீடாக நம் வீடு இருக்க வேண்டும். கொட்டியவர் துடைக்கட்டும், அதோடு விஷயம் முடியட்டும்.

சூடு பட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் பூச வேண்டாம், அப்பாயி சொன்னாலும் வேண்டாம், அவரிடம் முன்கூட்டியே பதமாகச் சொல்லி வைத்துவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்தில் பட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ 108. கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், வாய்ப்பாட்டுக்கு முன்னால் இது.

அறிவியல் சோதனை என்று பிள்ளைகள் எதையாவது கலப்பார்கள், நல்லதுதான், ஆப்ப சோடாவும் வினிகரும் எவ்வளவு வேண்டுமானாலும் பொங்கட்டும். பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் மட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். தவழ்கிற பிள்ளை இருந்தால் கால்வாசி நிரம்பிய வாளிகூட ஆபத்து, தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி போட்ட பிறகுதான் பாடப் பெட்டியைத் திறக்க வேண்டும். அக்காவும் அண்ணனும் படிக்கும்போது சின்னதுக்கும் ஒரு டப்பா கொடுங்கள், மரக் கரண்டி, பழைய துணி, பெரிய மூடிகள் என்று. கொண்டைக்கடலை, பயறு மாதிரி தொண்டையில் சிக்குவதைப் போடாதீர்கள்.

அப்புறம் பொருள்கள். நனைந்த லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை உருவி, திறந்தபடியே கவிழ்த்து வையுங்கள், முழுக்கக் காயும் வரை பொத்தானை அழுத்திப் பார்க்கிற ஆசை வேண்டாம். நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள், அரிசித் தூசு உள்ளே போவதுதான் மிச்சம். மழையில் நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்தால் தாள் நெளிந்துவிடும், பத்துப் பக்கத்துக்கு ஒரு பேப்பர் செருகி மின்விசிறிக் காற்றில் வையுங்கள், பேப்பர் ஈரமானதும் மாற்றுங்கள். சட்டையில் பால்பாயின்ட் பேனா மை என்றால் பஞ்சில் சானிடைசர் தொட்டு ஒற்றி எடுங்கள்.

துடைத்து முடித்த பிறகு, எல்லோரும் அமைதியான பிறகு, அந்த அமளியிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டி, சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பானது ஏன்? மஞ்சள் காரத்தில் நிறம் மாறும், எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்ப மஞ்சளாகும், அமிலம், காரம் என்ற பாடம் முழுக்க அந்த வேட்டியிலேயே இருக்கிறது. துவைத்து வெயிலில் போட்டால் கறை வெளுப்பதும் பாடம்தான், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும். சித்திரையில் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்ததே, மார்கழியில் ஏன் காலை வரைக்கும் பொங்கவில்லை? பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை பதிலைச் சொல்லாதீர்கள், இரண்டு கிண்ணத்தில் மாவை வைத்து வேறு வேறு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரும் பாம்பும்

பள்ளிக்குப் போகாத பிள்ளை நாள் முழுக்க வீட்டிலும் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கிறது, அதனால் இது நம் பொறுப்பில் கூடுதலாக வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே நீச்சல் கற்றுக்கொடுத்துவிடுங்கள், கோயில் குளத்தில் பெரியவர் துணையோடு. நீச்சல் தெரிந்தாலும் மதகுப் பக்கம் போகக் கூடாது, புதுத் தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது என்பதில் சலுகை கிடையாது.

மழைக்காலத்தில் வயலில் நீர் ஏறினால் பாம்பு வீட்டுக்கு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, கடித்தது தெரியாமலேயே தூங்கிவிடலாம், விடிகாலையில் வயிற்று வலி என்றும் கண் இமை சொருகுகிறது என்றும் பிள்ளை சொன்னால் வாயுத்தொல்லை என்று இருந்துவிடாதீர்கள். தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கட்டுங்கள், கொசுவோடு இதையும் தடுக்கும். கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், கை கால் அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படம் வரைந்து பெயர் எழுதுவது எங்கள் வீட்டில் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு பாடம்.

வீட்டிலும் தெருவிலும் உள்ளவர்கள்

கணவரும் மனைவியும் பாடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், எழுதியே வையுங்கள். எல்லாம் அம்மா தலையில் என்றால் ஓர் ஆண்டைத் தாண்டாது. வரவு செலவு, மோட்டார், வரப்பு, இயற்பியல் எல்லாம் அப்பாவிடம் போகலாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வாசித்துக் காட்டுவது அவர் வேலையாக இருக்கட்டும்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், "ஏம்மா, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலையாமே, நெசமா?" என்று பெரியம்மா கேட்டால், "ஆமா பெரியம்மா, வீட்லயே படிக்கிறா. நம்ம வீட்டுக்கு வாங்க, நோட்டெல்லாம் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு இலைக்கு ரசம் கேளுங்கள். பந்தியில் வாதம் பண்ணி யாரும் மனம் மாறியதில்லை, வீட்டுக்கு வந்து பிள்ளை கடகடவென்று வாசிப்பதைக் கேட்டு மாறியவர்கள் உண்டு. பிள்ளைக்குச் சிநேகிதம் வேண்டும், அதில் சமாதானமே கூடாது. பள்ளி விட்டு வருகிற தெருப் பிள்ளைகளோடு சாயங்காலம் முழுக்க விளையாடட்டும், அந்த நேரத்தில் மிச்சப் பாடம் என்று உள்ளே கூப்பிடாதீர்கள். ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

பதிவும் பரீட்சையும்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்த வாரம் என்ன படித்தார்கள், எங்கே போனார்கள், எது வரவில்லை. தேதி போட்ட நோட்டுகளை எறியாதீர்கள்.

பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், பெரும்பாலான வீட்டுக்கல்விக் குடும்பங்கள் போகிற வழி. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். முந்தைய பள்ளிச் சான்று இல்லாவிட்டால் சுய உறுதிமொழி கொடுத்துச் சேரலாம், தமிழிலும் எழுதலாம். குறைந்தது ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஐந்தையும் ஒரே தடவையில் எழுதியாக வேண்டும் என்பதில்லை, பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும், தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்கும். அதனால் பிள்ளைக்குப் பிடித்த இரண்டு பாடங்களை முதலில் எழுத வையுங்கள். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் ஒன்று. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏப்ரலையே தேர்ந்தெடுங்கள். தேர்வு மையம் வேறு ஊரில் விழலாம், ஐப்பசி மழையில் சாலையில் தண்ணீர் நிற்கும்போது காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும், ஏப்ரலில் சம்பா நெல்லும் விற்றுக் கையில் கட்டணத்துக்குப் பணம் இருக்கும்.